முகத்தை விடுங்கள், கதையைக் கேளுங்கள்: பொய்யைக் கண்டறியும் கேள்விமுறை, ஓர் அறிமுகம்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலும் வைட்ஃபீல்டிலும் வேலைக்கு ஆள் எடுக்கும் அறைகளில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு ஒன்று உண்டு: "பையன் கண்ணைப் பார்த்தே பேசவில்லை. எதையோ மறைக்கிறான்." அந்தப் பையன் கிருஷ்ணகிரியிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ வந்தவனாக இருப்பான். தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் சொல்லைத் தேடி, எதிரே இருப்பவர் வயதில் மூத்தவர் என்பதால் கண்ணைத் தாழ்த்திப் பேசுவான். அவன் கொடுத்த அனுபவச் சான்றிதழ் உண்மையா போலியா என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது.

இந்த நகரத்தில் சான்று சரிபார்ப்பு, நிறுவன உள்விசாரணை ஆகிய வேலைகளில் இருப்பவன் நான். புதிதாகக் குழுத் தலைவராகவோ மனிதவளத் துறையிலோ பொறுப்பேற்று, முதல் முறையாக ஒருவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதிர்ப்பக்க நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் ஒரு கணக்கு. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 24,000 பேர், முன்பின் தெரியாதவர்கள் பேசுவதைப் பார்த்து 'உண்மை' அல்லது 'பொய்' என்று சொன்ன தீர்ப்புகள் அவை. சரியாகச் சொன்னது 54 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலே 50 கிடைத்திருக்கும். பிரித்துப் பார்த்தால் இன்னும் சங்கடம்: உண்மையை உண்மை என்று கண்டது 61 சதவீதம், பொய்யைப் பொய் என்று கண்டது 47 சதவீதம்தான்.

இதற்குக் காரணம் நம்மிடம் உள்ள ஒரு சாய்வு. எதிராளி சொல்வதை நம்பிவிடுவதே மனிதருக்கு இயல்பு. டிமதி லெவின் என்ற ஆய்வாளர் இதை வைத்து ஒரு கோட்பாடே எழுதியிருக்கிறார். இதைக் குறை என்று சொல்லவும் முடியாது. பால் போடுகிறவரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரையும் சந்தேகித்துக்கொண்டு ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. ஆனால் 'விசாரணை' என்ற பெயர்ப்பலகை மாட்டியவுடன் பலருக்கு இந்தச் சாய்வு தலைகீழாகிவிடுகிறது. எல்லோரும் பொய்யர்களாகத் தெரிவார்கள். அதே கணக்கெடுப்பில், தொழில்முறையில் பொய்யோடு மல்லுக்கட்டுகிறவர்களும் சாதாரண மக்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. வருடங்கள் கூடக் கூட, தன் தீர்ப்பின் மேல் உள்ள நம்பிக்கை கூடுகிறது. துல்லியம் அங்கேயே நிற்கிறது.

அப்படியானால் கண் சிமிட்டுவது, மூக்கைத் தொடுவது, காலை ஆட்டுவது எல்லாம்? டிபாலோவும் சகாக்களும் 2003இல் 158 அறிகுறிகளை எடுத்துக்கொண்டு, பொய்யோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டா என்று அலசினார்கள். பெரும்பாலானவற்றுக்குத் தொடர்பே இல்லை, அல்லது மிக மெலிந்த தொடர்பு. கண்ணைப் பார்க்காமல் பேசுவது பொய்யின் அடையாளம் என்ற நம்பிக்கையும் அந்தச் சல்லடையில் தங்கவில்லை. ஆனால் 58 நாடுகளில் 'பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்' என்று கேட்டபோது, மற்ற எல்லாப் பதில்களையும் முந்தி நின்றது அதுதான். கண் வலது மேலே போனால் கற்பனை, இடது மேலே போனால் நினைவு என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் சுற்றுகிறதே, அதையும் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் 2012இல் சோதித்தார்கள். ஒன்றும் தேறவில்லை.

இதையெல்லாம் நம்பிச் செலவு செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைக் கவனித்தே ஆபத்தானவர்களைப் பிரித்தெடுக்க ஒரு திட்டம் போட்டார்கள். 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் அதில் போனது. நடத்தை அறிகுறிகளை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2013இல் அறிக்கை கொடுத்தது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். தெரிவது உண்மைதான், பயம் தெரியும், வெட்கம் தெரியும், கோபம் தெரியும். எதற்காகப் பயம் என்பது தெரியாது. பிடிபட்டுவிடுவோமோ என்று திருடன் பயப்படுகிறான். நம்ப மாட்டார்களோ, வேலை போய்விடுமோ என்று திருடாதவனும் பயப்படுகிறான். இருவருக்கும் வியர்வை ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இயந்திரம் சொல்லாதா?

பாலிகிராஃப் எனப்படும் கருவி அளப்பதும் இந்த வியர்வையைத்தான். கூடவே நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு. பொய்யை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக் குழு 2003இல் இதை விரிவாக ஆராய்ந்து, அரசு ஊழியர்களைச் சலித்தெடுக்க அதை நம்பியிருப்பது சரியல்ல என்ற முடிவுக்கு வந்தது.

இந்த விஷயத்தில் பெங்களூருக்கு ஒரு தனிக்கதை உண்டு. 2000களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து சந்தேக நபர்களைக் கொண்டுவந்து 'நார்கோ' சோதனை செய்த இடம், மடிவாளாவில் இருக்கும் தடய அறிவியல் ஆய்வுக்கூடம். சோடியம் பென்டோதால் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, அரைமயக்கத்தில் கேள்வி கேட்பார்கள். அந்த நிலையில் மனிதரின் தயக்கம் குறையும் என்பது உண்மை. ஆனால் தயக்கம் குறைந்தவர் நடந்ததையும் சொல்வார், நினைத்ததையும் சொல்வார், கேட்பவர் எடுத்துக்கொடுத்ததையும் சொல்வார். எது எது என்று பிரிக்க மருந்து உதவாது. மூளை அலைகளைப் பதிவுசெய்து 'அனுபவ நினைவு' இருக்கிறதா என்று பார்க்கும் இன்னொரு முறையை உருவாக்கியவரும், இங்கே நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றிய சி.ஆர். முகுந்தன் என்ற உளவியலாளர்தான்.

இவை எல்லாவற்றுக்கும் கடிவாளம் போட்ட தீர்ப்பும் கர்நாடகத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொன்னது: நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை ஆகிய எதையும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவும், தனிமனித சுதந்திரம் பற்றிய 21ஆம் பிரிவும் அதற்கு அடிப்படை. சம்மதித்துச் செய்துகொண்டாலும் சோதனையின் முடிவு அப்படியே சாட்சியமாகாது. அதன் வழியாகப் பிறகு ஒரு பொருளோ தகவலோ கண்டெடுக்கப்பட்டால் அதை ஏற்கலாம். காவல்துறைக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, 'ஒரு சின்ன பாலிகிராஃப் வைத்துப் பார்த்துவிடலாமா' என்று கேட்கும் நிறுவன முதலாளிகளுக்கு நான் சொல்வது ஒற்றைச் சொல்தான்: வேண்டாம்.

பொருந்தச் சொல்வதில் இருக்கிறது சிக்கல்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் ஒரு முழு ஆய்வுத் துறையே அடங்கியிருக்கிறது. பொய் சொல்பவருக்கு வேலை அதிகம். கதையைக் கட்ட வேண்டும். ஏற்கெனவே சொன்னதோடு முரண்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிராளிக்கு என்ன தெரியும் என்று ஊகிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் இயல்பாகவும் தோன்ற வேண்டும். உண்மை சொல்பவருக்கு நினைவைத் துழாவுவது ஒன்றே வேலை. இந்த வேறுபாட்டை வெளியே கொண்டுவரும்படி கேள்வியை அமைப்பதே இன்றைய கேள்விமுறைகளின் அடிப்படை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் ஆல்டர்ட் ஃப்ரே பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இதைத்தான்.

ஆரம்பம் எளிது. பேச விடுங்கள். "சனிக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை நடந்ததைச் சொல்லுங்கள். உங்களுக்கு முக்கியமில்லை என்று தோன்றுவதையும் விடாதீர்கள்." இவ்வளவு கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பலருக்கு இதுதான் கஷ்டம். இரண்டாவது நிமிடத்திலேயே "அப்போது மணி என்ன?" என்று குறுக்கே பாய்ந்துவிடுவார்கள். குறுக்கிட்டால் நினைவுக்கோர்வை அறும். மீதிப் பேட்டி முழுவதும் கேட்டதற்கு மட்டும் பதில் வரும். சாட்சிகளின் நினைவைத் தூண்டுவதற்காக 1980களில் ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் உருவாக்கிய பேட்டி முறை இந்தப் பொறுமையின் மேல்தான் நிற்கிறது: இடத்தை மனதில் கொண்டுவரச் சொல்வது, கண்டதோடு கேட்டதையும் முகர்ந்ததையும் சொல்லச் சொல்வது, பிறகு வேறொரு முனையிலிருந்து மீண்டும் சொல்லச் சொல்வது. உண்மை சொல்பவரிடம் புதிய விவரங்கள் ஊறிக்கொண்டே இருக்கும். கட்டிய கதை இரண்டாம் முறையும் அதே நீளத்தில், பெரும்பாலும் அதே சொற்களில் திரும்பி வரும்.

இன்னொரு உத்தி, எதிர்பாராத கேள்வி. பொய் சொல்ல வருபவர் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வருவார். எங்கே இருந்தாய், யாரோடு, எத்தனை மணிக்கு என்பவற்றுக்குப் பதில் தயாராக இருக்கும். ஆகவே ஒத்திகையில் வராத இடத்தில் தொட வேண்டும். உதாரணமாக, அந்த நேரத்தில் மல்லேஸ்வரத்தில் ஒரு ஓட்டலில் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக இரண்டு பேர் சொல்கிறார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் இருவரும் ஒரே குரலில் மசாலா தோசை என்பார்கள், பேசிவைத்திருப்பார்கள். தனித்தனியாக ஒரு தாளைக் கொடுத்து, வாசல் எங்கே, கல்லாப்பெட்டி எங்கே, நீங்கள் உட்கார்ந்த மேசை எங்கே, கை கழுவும் இடம் எந்தப் பக்கம் என்று வரையச் சொல்லுங்கள். உண்மையில் போனவர்கள் வரைந்தவை கோணல்மாணலாக இருந்தாலும் பொருந்தும். போகாதவர்களின் ஓட்டலில் ஒருவருக்குக் கை கழுவும் இடம் வாசலோரம் இருக்கும், மற்றவருக்குச் சமையலறைப் பக்கம் இருக்கும். ஃப்ரேயும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஏறக்குறைய இதுதான். சேர்ந்து மதிய உணவு சாப்பிட்ட ஜோடிகள், சாப்பிட்டதாகக் கதை கட்டிய ஜோடிகள். உணவகத்தை வரையச் சொன்ன கேள்வி, வழக்கமான கேள்விகளைவிட நன்றாகப் பிரித்துக் காட்டியது.

இது வெளிநாட்டுக் கண்டுபிடிப்பு என்று யாரும் அசந்துபோக வேண்டாம். ரத்தினக்கல்லைத் திருப்பிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று பொய்ச் சாட்சி சொன்னவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து, கல்லின் உருவத்தைக் களிமண்ணில் பிடித்துக் காட்டச் சொல்லும் வழக்குக் கதையைப் பாட்டியிடம் கேட்காதவர் நம்மில் குறைவு. ஒருவன் எலுமிச்சை அளவுக்குப் பிடித்தான், இன்னொருவன் புளியங்கொட்டை அளவுக்கு. முறை அதேதான்.

கதையைப் பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொல்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த உத்தி. இரவில் தொடங்கிக் காலைக்கு வா என்பார்கள். பொய் சொல்பவருக்கு மூளையில் சுமை கூடித் தடுமாறுவார் என்பது கணக்கு. ஆய்வுகளில் பயன் தெரிந்திருக்கிறது. ஆனாலும் அலுவலக விசாரணைகளில் இதை நான் பயன்படுத்துவதில்லை. அடுத்தவருக்குச் சொல்லித் தருவதும் இல்லை. தாய்மொழி அல்லாத மொழியில் பேசுகிறவருக்கு ஏற்கெனவே சுமை இருக்கிறது. மேலும் ஒன்றை ஏற்றினால் உண்மை சொல்பவரும்தான் தடுமாறுவார்.

கையில் இருப்பதைக் காட்டாமல் கேட்பது

இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சுவீடனில் பேர் ஆண்டர்ஸ் கிரான்ஹாக், மரியா ஹார்ட்விக் ஆகியோர் வளர்த்தெடுத்த முறை. ஆதாரத்தை எப்போது வெளியே எடுப்பது என்பதைத் திட்டமிடும் கலை அது.

ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் இரண்டாம் மாடிக் கிடங்கிலிருந்து இரண்டு மடிக்கணினிகள் காணவில்லை. கதவின் மின்னணுப் பதிவில், சனிக்கிழமை மாலை 7:40க்கு ஓர் ஊழியரின் அட்டை கிடங்கைத் திறந்திருக்கிறது. பழக்கமில்லாதவர் எடுத்த எடுப்பிலேயே கேட்பார்: "தம்பி, சனிக்கிழமை 7:40க்குக் கிடங்கில் என்ன வேலை? பதிவு இருக்கிறது." அதோடு ஆட்டம் முடிந்தது. தம்பி திருடியிருந்தால், "சார்ஜர் எடுக்கப் போனேன் சார்" என்று அந்தப் பதிவுக்கு ஏற்ற கதையை அங்கேயே தைத்துக் கொடுத்துவிடுவார். திருடாமல் உண்மையிலேயே சார்ஜர் எடுக்கப் போயிருந்தாலும் அதே வாக்கியத்தைத்தான் சொல்வார். இருவரையும் பிரிக்கும் வாய்ப்பை நாமே அழித்துவிட்டோம்.

பதிவைப் பையிலேயே வைத்துக்கொண்டு அகலமாகத் தொடங்க வேண்டும். "சனிக்கிழமை அலுவலகத்துக்கு வந்தீர்களா? அன்றைய நாளைச் சொல்லுங்கள்." அடுத்து, "எந்தெந்தப் பகுதிகளுக்குப் போனீர்கள்?" பிறகு இன்னும் குறுக்கி, "இரண்டாம் மாடிப் பக்கம் போக வேண்டி வந்ததா?" இதற்கிடையில் மறக்காமல் ஒன்று: "உங்கள் அட்டை அன்று முழுக்க உங்களிடமே இருந்ததா? யாருக்காவது கொடுத்தீர்களா?" இந்தக் கேள்வி விசாரிக்கப்படுபவருக்கான பாதுகாப்பு. அட்டையை நண்பரிடம் கொடுத்திருந்தால் அதைச் சொல்ல அவருக்கு வாசல் திறந்துவிடுகிறோம். கொடுக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டால், பிறகு அந்தச் சாக்குக்கு இடமில்லை.

மறைக்க எதுவும் இல்லாதவர், "ஆமாம் சார், சாயங்காலம் சார்ஜர் எடுக்கக் கிடங்குக்குப் போனேன்" என்று தானாகவே சொல்லிவிடுவது வழக்கம். மறைப்பவர் கிடங்கைச் சுற்றிக்கொண்டு போவார். நேராகக் கேட்டால் மறுப்பார். அதன்பிறகுதான் பதிவை மேசையில் வைக்க வேண்டும். அப்போதும் குரலை உயர்த்தத் தேவையில்லை. "இந்தப் பதிவு இப்படிச் சொல்கிறது, நீங்கள் சொன்னது வேறு மாதிரி இருக்கிறது. எனக்கு விளக்குங்கள்."

ஹார்ட்விக் குழுவினர் 2006இல் சுவீடன் காவல் பயிற்சிப் பள்ளி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பர்ஸைத் திருடியதாக நடிக்கவைக்கப்பட்டவர்களையும் திருடாதவர்களையும் அவர்கள் விசாரிக்க வேண்டும். பயிற்சி பெறாதவர்கள் 56 சதவீதம் சரியாகக் கண்டார்கள். இந்த முறையில் பயிற்சி பெற்றவர்கள் 85 சதவீதம். ஆய்வுக்கூட நாடகம்தான், நிஜ வழக்கு அல்ல. 54இல் முட்டி நின்ற கணக்கு இவ்வளவு தூரம் நகர்ந்தது கேள்வி கேட்கும் வரிசை மாறியதால் என்பதைக் கவனியுங்கள். மாணவர்களின் கண்பார்வை கூர்மையாகிவிடவில்லை.

ஒரு எச்சரிக்கை. மனிதர்கள் மறப்பார்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமையை எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு முரண் என்பது அடுத்த கேள்விக்கான காரணம், குற்றத்துக்கான நிரூபணம் அல்ல.

சரிபார்க்கக் கிடைப்பதைக் கேளுங்கள்

இஸ்ரேலிய ஆய்வாளர் காலித் நஹாரி இன்னொரு பழக்கத்தைக் கவனித்தார். நிறைய விவரம் சொன்னால் நம்புவார்கள் என்பது பொய் சொல்பவருக்கும் தெரியும். ஆனால் சரிபார்க்கக்கூடிய விவரம் ஆபத்து என்பதும் தெரியும். ஆகவே வானம் மேகமாக இருந்தது, தெருவில் கூட்டமாக இருந்தது, மனசு சரியில்லை என்று விவரங்கள் கொட்டும். பெயர் சொல்லக்கூடிய ஆள், ரசீது, கேமரா இருக்கும் இடம் எதுவும் வராது. "நீங்கள் சொல்வதில் நாங்கள் போய்ச் சரிபார்க்கக் கூடியவை எவை? உங்களுக்கு உதவும், சொல்லுங்கள்" என்று முன்னதாகவே கேட்டுவிட்டால் வேறுபாடு இன்னும் கூர்மையாகும் என்பது அவருடைய ஆய்வு.

பெங்களூரு மாதிரி ஊரில் இது வரப்பிரசாதம். இளநீர்க்காரரிடம்கூட யு.பி.ஐ. இருக்கிறது. மெட்ரோ அட்டை, வாடகைக் கார் செயலி, சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக், அடுக்ககத்து வாசலில் வருகைப் பதிவு என்று ஒரு சராசரி நாள் பத்து இடங்களில் தடம் விட்டுப் போகிறது. அத்திப்பள்ளிச் சாவடியைத் தாண்டி ஊருக்குப் போனேன் என்று சொல்பவரிடம், காட்ட விரும்பினால் காட்டுங்கள் என்று கேட்கலாம். கட்டாயப்படுத்தக் கூடாது. கைப்பேசியைப் பிடுங்கிப் பார்க்கும் அதிகாரம் எந்த மேலாளருக்கும் கிடையாது.

போலி அனுபவச் சான்றிதழ் விவகாரத்திலும் இதே வழிதான். முன்பு வேலை செய்ததாகச் சொல்லும் நிறுவனத்தைப் பற்றி முகபாவம் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்வதைவிட, வருங்கால வைப்புநிதியின் பொதுக் கணக்கு எண்ணில் (UAN) எந்த நிறுவனம் எந்த மாதத்திலிருந்து பணம் கட்டியிருக்கிறது என்று பார்ப்பது மேல். சிறிய நிறுவனங்கள் வைப்புநிதி கட்டாமல் விட்டிருக்கலாம். அப்போது சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, வருமான வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16 என்று அடுத்ததைப் பார்க்கலாம். பேட்டியில் கேட்க வேண்டியது அங்கே வேலை செய்தவருக்கு மட்டும் தெரியக்கூடிய சாதாரண விஷயங்களை: விடுப்பு வேண்டுமென்றால் யாரிடம் கேட்பீர்கள், எந்த வழியாகக் கேட்பீர்கள்? சம்பளம் தாமதமானால் யாரிடம் போய் நிற்பீர்கள்? இரவுப் பணிக்கு வண்டி எங்கே வரும்? வேலை செய்தவர் பதில் சொல்லும்போது கூடவே ஒரு புகாரும் சொல்லுவார். புகார் சொல்லத் தெரியாத பழைய ஊழியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒப்புக்கொள்ளவைப்பது என்ற ஆபத்து

பொய்யைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தவுடன் அடுத்து வரும் ஆசை, வாயால் ஒப்புக்கொள்ளவைப்பது. இதற்கென்றே அமெரிக்காவில் ஜான் ரீட் என்பவர் ஒரு முறையை வகுத்தார். முதலில் நடத்தையைப் பார்த்து 'இவர் பொய் சொல்கிறார்' என்று முடிவுசெய். பிறகு மறுக்கவிடாமல் அழுத்து. 'சூழ்நிலை அப்படி, யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள்' என்று ஆறுதல்போல ஒரு படிக்கட்டை வைத்து இறங்கவிடு. அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது 1955இல் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரில் நடந்த ஒரு கொலை வழக்கு. மனைவியை இழந்த டேரல் பார்க்கர் என்பவரிடம் மணிக்கணக்காகப் பேசி ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார். பார்க்கர் மறுநாளே அதை மறுத்தார். ஆனாலும் ஆயுள் தண்டனை. பல ஆண்டுகள் கழித்து வேறொரு கைதி அந்தக் கொலையைத் தான் செய்ததாக எழுதிவைத்திருந்தது வெளிவந்தது. 2012இல் நெப்ராஸ்கா அரசு பார்க்கரிடம் மன்னிப்புக் கேட்டது. அப்போது அவர் எண்பது வயதை எட்டியிருந்தார்.

இது எங்கோ நடந்த விதிவிலக்கு அல்ல. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என்று நிரூபிக்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். களைப்பு, பயம், இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்ற நினைப்பு, எல்லாம் சேர்ந்தால் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். முதல் படியில், நடத்தையைப் பார்த்து எடுத்த 54 சதவீத முடிவு தவறாக இருந்துவிட்டால், மீதிப் படிகள் எல்லாம் நிரபராதியின் மேல்தான் ஏறுகின்றன.

இங்கிலாந்து இந்தப் பாடத்தைக் கசப்பாகக் கற்றது. குண்டுவெடிப்பு வழக்குகளில் வற்புறுத்தி வாங்கிய வாக்குமூலங்களால் சிறை சென்ற கில்ட்ஃபோர்டு நால்வர் 1989இலும், பர்மிங்காம் அறுவர் 1991இலும் விடுதலையானார்கள். அதற்குள் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் போய்விட்டன. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறை ஒரு புதிய முறைக்கு மாறியது. ஐந்து கட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'பீஸ்' (PEACE) என்று பெயர்: திட்டமிடுதல், பேச்சைத் தொடங்கி நோக்கத்தை விளக்குதல், விவரம் பெறுதல், முறையாக முடித்தல், பின்னர் மதிப்பிடுதல். ஒப்புதல் வாங்குவது இதில் எங்கும் இல்லை. எவ்வளவு நம்பகமான தகவல் கிடைத்தது என்பதே அளவுகோல்.

நம் சட்டம் இந்தச் சந்தேகத்தை ஆங்கிலேயர் காலத்திலேயே எழுதிவைத்துவிட்டது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அதே விதி 23ஆம் பிரிவாக இருக்கிறது. நிறுவன விசாரணைக்கு இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு பேர் சூழ உட்கார்ந்து, 'எழுதிக் கொடுத்துவிட்டால் போலீசுக்குப் போகமாட்டோம்' என்று சொல்லி வாங்கிய கடிதம் தொழிலாளர் நீதிமன்றத்தில் எவ்வளவு தாங்கும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுப் பாருங்கள்.

எந்த மொழியில்?

இந்த ஊரில் விசாரணை செய்பவர்கள் மறந்துபோகும் கேள்வி இதுதான். சிவாஜிநகரிலும் ஸ்ரீராம்புரத்திலும் பிறந்து வளர்ந்த தமிழருக்குக் கன்னடமும் ஆங்கிலமும் சரளமாக வரும். போன வருடம் ஓசூர் எல்லையைத் தாண்டி வந்தவருக்கு வராது. இரண்டாம் மொழியில் பேசும்போது இடைவெளி கூடும், சொல் திரும்பத் திரும்ப வரும், விவரம் குறையும், ஒரே மாதிரி வாக்கியங்கள் வரும். இவை எல்லாமே பாமர நம்பிக்கையில் பொய்யின் அறிகுறிகள். கனடாவில் நடந்த ஆய்வொன்றில், தாய்மொழியில் பேசியவர்களுக்குக் கிடைத்த நம்பிக்கை இரண்டாம் மொழியில் பேசியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களைப் பொய்யர்கள் என்று முடிவுகட்டும் போக்கு தெரிந்தது.

ஆகவே பேட்டி தொடங்கும் முன்பே எந்த மொழி வசதி என்று கேளுங்கள். கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை, விசாரிக்கப்படுபவரின் மேலதிகாரியாக இல்லாத ஒருவரை, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பை அவர் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் பிறகு தனியாகச் செய்துகொள்ளலாம்.

அறிக்கையில் 'பதற்றமாகக் காணப்பட்டார்' போன்ற வரிகளுக்கு இடம் வேண்டாம். மூன்று நெடுவரிசைகள் போதும்: சொன்னது, சரிபார்த்தது, பொருந்தாதது. பேட்டி முடியும்போது எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். திருத்தம் சொன்னால் பழையதை அடித்துவிடாமல் பக்கத்தில் திருத்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிரதி ஒன்றை அவரிடம் கொடுங்கள். சரிபார்ப்புக்கு இரண்டு வாரம் ஆகுமென்றால் அதைச் சொல்லியே அனுப்புங்கள். அதற்குள் நினைவுக்கு ஏதாவது வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். கூப்பிடுபவர்கள் உண்டு.